தனியாக இருக்கிறேன், இந்த மாத்திரையை எப்படித் தொடங்குவது?

கேள்வி: எனக்கு 66 வயது. சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருக்கிறேன். போன வருடம் கணவர் தவறிவிட்டார். மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். மகன் கேப் டவுனில். சில மாதங்களாக நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை, மூச்சு முட்டுகிறது. குடும்ப டாக்டர் இசிஜி எடுத்தார், தைராய்டு பார்த்தார். இதயத்தில் குறையில்லை, இது பதற்றக் கோளாறு என்று சொல்லி எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் பாதி மாத்திரை போடச் சொன்னார். வாங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது, பெட்டி ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. உள்ளே இருந்த தாளைப் படித்ததிலிருந்து கை போகவில்லை. ராத்திரியில் தொண்டை அடைத்துக்கொண்டால் கதவைத் திறக்கக்கூட ஆளில்லை. பெட்டியில் எஸ்5 என்று போட்டிருக்கிறது, என் பிரஷர் மாத்திரை ஹைட்ரோகுளோரோதயசைடு எஸ்3தான். அப்படியென்றால் இது இன்னும் கடுமையான மருந்தா? பழகிப்போய் விடமுடியாமல் ஆகிவிடுமா? புரட்டாசி விரதம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாமா? தலைவலி வந்தால் எப்போதாவது கிராண்ட்பா பவுடர் போடுவேன், வேறு மருந்து எதுவும் இல்லை.
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்:

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் மாத்திரையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், கதவைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு அந்தக் கதவு வரிதான் பெரிதாகப் பட்டது. பக்கத்து அறையில் யாராவது படுத்திருந்தால் இந்தப் பெட்டி மூன்று வாரம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால் கதவிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் டர்பனில் கெமிஸ்ட் கடைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற ஆள். உங்களுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று சொல்வது டாக்டரின் வேலை. அவர் எழுதிய அளவிலும் நான் கை வைக்கமாட்டேன். 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த மருந்தை 5 மில்லிகிராமில் தொடங்கி, 10க்கு மேல் போகாமல் நிறுத்துவதுதான் வழக்கம். உங்கள் டாக்டர் பாதி மாத்திரை சொன்னது அதற்காகத்தான், பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

சரி, கதவு. நம் ஊரில் ஜன்னலுக்கெல்லாம் கம்பி, கதவுக்கு முன்னால் இரும்பு கேட், அதற்கு ஒரு பூட்டு, வெளி கேட்டுக்கு இன்னொரு பூட்டு. திருடன் வரக்கூடாது என்று போட்டதெல்லாம் ஆம்புலன்ஸ்காரரையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தும். உங்கள் பயம் வெறும் மனப்பிரமை இல்லை, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது மருந்தால் தீருகிற விஷயம் இல்லை, ஒரு சாவியால் தீருகிற விஷயம். சாட்ஸ்வொர்த்தில் நிறைய வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிறவை. உங்களுடையதும் அப்படி என்றால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரை விட்டால் வேறு யார்? எல்லாப் பூட்டுக்கும் ஒவ்வொரு மாற்றுச் சாவி எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒட்டிய கவர் என்றால் கொடுக்கிறவருக்கும் சங்கடமில்லை, வாங்குகிறவருக்கும் சங்கடமில்லை. 'டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார், முதல் இரண்டு வாரம் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் போதும். எதற்கு மாத்திரை என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. பிரஷர் மாத்திரை மாற்றினாலும் இதையேதான் சொல்வார்கள்.

அடுத்தது மகள். பெர்த் நமக்கு ஆறு மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே மதியம் இரண்டு, மகள் விழித்திருக்கிற நேரம். இங்கே நீங்கள் ராத்திரி மாத்திரை போட்டுவிட்டுப் பயந்துகொண்டு படுத்திருக்கும்போது அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே காலையில் போடலாம். அதோடு, இந்த மருந்து சிலருக்கு ஆரம்பத்தில் தூக்கத்தைக் கலைக்கும், காலையில் போட்டால் அந்தத் தொல்லை குறையும். தூக்கம் வருகிற ரகமாக உங்களுக்கு அமைந்தால் டாக்டரிடம் கேட்டு ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆரம்பத்தில் வேண்டாம்.

மகளோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தினமும் எட்டரைக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடவேண்டும். வரவில்லை என்றால் அவர் உங்களுக்குத் திரும்பத் திரும்ப போன் அடித்துக் கலங்கவேண்டாம், நேராகப் பக்கத்து வீட்டுக்கு அடிக்கட்டும். அந்த எண்ணை இன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள். கரண்ட் போகிற ஊர், போனை முந்தின ராத்திரியே சார்ஜில் போட்டுவிடுங்கள். கேட்டுக்கு மோட்டார் வைத்திருந்தால் கரண்ட் இல்லாதபோது கையால் எப்படித் திறப்பது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டிக் கொடுங்கள்.

எந்தக் கிழமை தொடங்குவது? வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமையும் வேண்டாம். ஒரு சந்தேகம் வந்தால் கேட்க டாக்டரும் இருக்கமாட்டார், பல கெமிஸ்ட் கடைகளும் பாதி நாளோடு மூடிவிடும். திங்கட்கிழமை டாக்டர் வீட்டு வாசலில் கூட்டம். செவ்வாய் ஆகாது என்று நீங்களே சொல்வீர்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், புதன்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எட்டு மணி வாக்கில் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிட்டுவிட்டு, அதற்குப் பிறகு பாதி மாத்திரை. காய்கறி நறுக்குகிற கத்தியால் வெட்டாதீர்கள், தூளாகும், அளவும் கூடிக் குறையும். எங்கள் கடைகளில் மாத்திரை வெட்டுகிற சின்னப் பெட்டி விற்கிறோம். வாங்கவேண்டாம் என்றால் பெட்டியைக் கொண்டுவாருங்கள், வெட்டியே தருவோம்.

முதல் நாள் காலை இரண்டு மூன்று மணி நேரம் ஒரு ஆளை வரச் சொல்லுங்கள். கோயில் தோழியோ அண்ணியோ யாராக இருந்தாலும் சரி. மாத்திரையைப் பற்றிப் பேசவேண்டாம், சேர்ந்து சமையுங்கள். ஏன் இரண்டு மூன்று மணி நேரம் என்றால், விழுங்குகிற மருந்துக்கு உடம்பு ஒவ்வாமையாகக் கடுமையாகத் திரும்பினால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். இந்த மருந்தில் அது மிக அரிது. நீங்கள் பயப்படுகிற நடு ராத்திரி, காலை மாத்திரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது.

இனி தொண்டை. பதற்றத்தில் தொண்டை அடைப்பதும் ஒவ்வாமையில் அடைப்பதும் உள்ளுக்குள் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். அதனால் உள்ளே தேடாதீர்கள், கண்ணாடிக்கு முன்னால் போய் நில்லுங்கள். உதடோ நாக்கோ கண் இமையோ வீங்கியிருக்கிறதா? தோலில் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிக்கிறதா? மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கிறதா, குரல் கரகரக்கிறதா, கண் இருட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 10177க்கு அடியுங்கள், செல்போனிலிருந்து 112. பதற்றம் என்றால் தொண்டையில் உருண்டை நிற்பதுபோல் இருக்கும், ஆனால் எச்சில் இறங்கும், பேச்சு வரும், விரல் நுனி மரத்துப்போகும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும். நெஞ்சைப் பிழிகிற வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அதற்கும் ஆம்புலன்ஸ்தான். எதுவென்று புரியாவிட்டாலும் கூப்பிடுங்கள்.

அந்தத் தாளைப் பற்றி. மருந்து எடுத்தவர்கள் சொன்ன எல்லாத் தொல்லையும் அதில் வரிசையாக ஏறியிருக்கும். நம் நாட்டுத் தாள்கள் பலவற்றில் 'அடிக்கடி', 'அடிக்கடி அல்லாமல்' என்று இரண்டு தலைப்புத்தான் இருக்கும், நூற்றில் எத்தனை பேர் என்று இருக்காது. ராத்திரி தனியாக உட்கார்ந்து படித்தால் எல்லாமே நமக்கு வரும் என்றுதான் தோன்றும். ஒரு எண் சொல்கிறேன். இந்த மருந்தின் ஆய்வுகளில் நூற்றுக்குச் சுமார் 15 முதல் 18 பேருக்குக் குமட்டல் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலும் 7, 8 பேருக்கு வந்தது. ஆக, குமட்டியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மருந்து காரணமில்லை.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று கொழுப்பு மாத்திரையில் நடந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்ட 60 பேர். ஒரு வருடத்தில் நாலு மாதம் நிஜ மாத்திரை, நாலு மாதம் வெற்று மாத்திரை, நாலு மாதம் எதுவுமே இல்லை, எல்லாம் கலந்து கலந்து. நிஜ மாத்திரையில் அவர்கள் பட்ட தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலித்தது நிஜம். ஏதோ வரப்போகிறது என்று உடம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் உடம்பு ஏதாவது ஒன்றைக் காட்டத்தான் செய்யும். முடிவு தெரிந்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், மாத்திரை தொடங்குவதற்கு முன்பே. புதன்கிழமைக்கு முன்னால் மூன்று நாள், சாயங்காலம் ஒரு தடவை மட்டும், ஒரு நோட்டில் அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். தலைவலி, தலைசுற்றல், வாய் உலர்வது, எத்தனை மணிக்கு முழிப்பு, எல்லாம். தொடங்கிய பிறகும் அதே நேரத்தில், அதே ஒரு தடவை. நாலாம் நாள் தலை சுற்றினால் முன் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சுற்றியிருக்கும். பகலில் பத்துத் தடவை நாடி பிடித்துப் பார்ப்பதும், பிரஷர் மெஷினைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் கூடாது. டாக்டர் சொன்ன நேரத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு மெஷினை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நிஜமாகவே வரக்கூடியவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குமட்டல், வயிறு இளகுவது, தலைவலி, கொட்டாவி, வியர்வை, கலர் கலராகக் கனவு. அப்புறம் முதல் ஒரு வாரம், பத்து நாள் பதற்றம் கொஞ்சம் கூடலாம். இதைத்தான் பலரும் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், நோயாளி மூன்றாம் நாளே பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். பலன் அதற்குப் பிறகுதான், இரண்டிலிருந்து நாலு வாரத்தில் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும், முழுசாகத் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். தொல்லை முதலில், பலன் பின்னால் என்கிற இந்த வரிசை எரிச்சலாகத்தான் இருக்கும். உடம்புக்குப் பழகும் வரை கார் ஓட்டவேண்டாம். ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்குள் ஞாபகம் வந்தால் போடுங்கள், மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

தாளில் தற்கொலை எண்ணம் பற்றிய வரியும் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். அந்த எச்சரிக்கை ஆய்வுகளில் 24 வயது வரை உள்ளவர்களிடம் கண்டதை வைத்து வந்தது. உங்கள் வயதுக்காரர்களிடம் அந்த எண்ணம் குறைந்ததாகவே தெரிந்தது. ஆனாலும் துணையை இழந்து தனியாக இருக்கிறீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்று மனம் போனால், இருந்த இடத்தில் இருக்கமுடியாத தவிப்பு வந்தால், காலை வரை காத்திருக்கவேண்டாம். 0800 567 567 எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருப்பார்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு நடத்துகிற உதவி எண் அது.

எஸ்5 விஷயம் எளிது. அந்த எண் மருந்தின் கடுமைக்கு மார்க் போடுவதில்லை. எஸ்0இலிருந்து எஸ்8 வரை, யார் எழுதலாம், எப்படி விற்கலாம், எத்தனை தடவை திரும்பத் தரலாம் என்பதற்கான சட்டக் கணக்கு. எஸ்5 என்றால் ஒரே சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தரமுடியாது, டாக்டர் மறுபடி உங்களைப் பார்த்தாகவேண்டும். தனியாக இருக்கிற உங்களுக்கு அது நல்லதுதான்.

பழகிப்போவது பற்றி நீங்கள் கேட்பதன் பின்னால் வேறு மாத்திரைகளின் கதை இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பெரியவர்களில் பலர் வருடக்கணக்கில் தூக்க மாத்திரையும் நரம்பு மாத்திரையும் போட்டு அது இல்லாமல் முடியாமல் போனதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். லோராசெபம் போன்றவை அந்த ரகம், வயதானவர்கள் விழுந்து எலும்பு முறிவதற்கும் அவை ஒரு காரணம். எஸ்சிட்டாலோபிராம் அந்த ரகமில்லை. இன்னும் இன்னும் வேண்டும் என்று கேட்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், உடம்பில் ஷாக் அடித்த மாதிரி ஒரு உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். அதனால் நிறுத்தும்போது டாக்டரோடு சேர்ந்து படிப்படியாகக் குறைக்கவேண்டும். நன்றாகிவிட்டது என்று மூன்றாம் மாதம் நீங்களாகவே விட்டுவிடாதீர்கள், குணம் தெரிந்த பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் ஒரு பார்மசிஸ்டை நிமிர்ந்து உட்காரவைக்கும். கிராண்ட்பா பவுடர். தாத்தா காலத்திலிருந்து எல்லா வீட்டு டிராயரிலும் இருக்கிறது, அதனால் யாரும் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை. அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, பாரசிட்டமால் இருக்கிறது, காஃபீனும் இருக்கிறது. எஸ்சிட்டாலோபிராமோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும். காஃபீன் படபடப்பைக் கிளப்பும், நீங்கள் மாத்திரையைத்தான் திட்டுவீர்கள். தலைவலிக்கு வெறும் பாரசிட்டமால் போதும். இபுபுரூஃபன் சேர்ந்த வலி மாத்திரைகளையும் கேட்காமல் போடாதீர்கள். மலம் தார்போலக் கறுப்பாகப் போனால் உடனே சொல்லவேண்டும். சாயங்கால டீக்குப் பதில் ரூய்போஸ் போட்டுக் குடிக்கலாம், அதில் காஃபீன் இல்லை.

இன்னொன்று உங்கள் பிரஷர் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பிலிருந்து உப்பை வெளியேற்றும். புது மாத்திரையும் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். இரண்டும் சேரும்போது, அதுவும் வயதான பெண்களுக்கு, முதல் சில வாரங்களில் சோடியம் இறங்க வாய்ப்பு அதிகம். தாளில் இருக்கிற நூறு விஷயங்களில் உங்களுக்கென்று கவனிக்கவேண்டியது இதுதான் என்பேன். தொடங்குவதற்கு முன் ஒரு சோடியம் ரத்தப் பரிசோதனை, தொடங்கி இரண்டு வாரம் வாக்கில் இன்னொன்று வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 'நான் ஹைட்ரோகுளோரோதயசைடு எடுக்கிறேன், கிராண்ட்பாவும் போடுகிற பழக்கம் உண்டு' என்று போனிலேயே சொல்லுங்கள். டாக்டருக்கு முதல் மாத்திரை தெரியும், இரண்டாவது தெரிந்திருக்காது. நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கிழமை தேதி குழம்பினால் அதைப் பதற்றம் என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே பார்க்கவேண்டும். உங்களுக்கே இது தெரியாமல் போகலாம், மகளிடம் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரியோடு நிறுத்தாமல் இரண்டு நாளுக்கு ஒரு தடவை பேசச் சொல்லுங்கள், குரலில் அவருக்குத் தெரிந்துவிடும்.

புரட்டாசி. விரதத்துக்கும் இந்த மாத்திரைக்கும் சண்டை இல்லை. கேப்சூல் என்றால் உறையில் ஜெலட்டின் இருக்குமே, அது மாட்டிலிருந்து வந்ததா என்று புரட்டாசியில் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் பலர் வாங்குவார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். உங்களுடையது மாத்திரை, அந்தக் கவலை வேண்டாம். சனிக்கிழமை முழுப் பட்டினி கிடப்பீர்கள் என்றால் அதைத்தான் டாக்டரிடம் சொல்லவேண்டும். தண்ணீர்கூட இல்லாமல் இருந்துகொண்டு பிரஷர் மாத்திரையும் போட்டால் தலை சுற்றிக் கீழே விழவைக்கும். மரக்கறிச் சாப்பாட்டோடு விரதம் என்றால் தாராளமாக இருங்கள். உண்மையைச் சொன்னால், புரட்டாசி போனால் தீபாவளி வரும், அது முடிந்தால் மகன் வருகிறான் என்று வரும், தள்ளிப்போடக் காரணத்துக்குப் பஞ்சமே இருக்காது.

மாத்திரையே வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். பதற்றத்துக்குப் பேச்சு வழியான சிகிச்சையும் நல்ல பலன் தரும், துக்கத்துக்கு ஆலோசனை தருகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். ஆனால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் மூன்று வாரமாக மருந்து எடுத்துக்கொண்டிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். அடுத்த தடவை போகும்போது குணமில்லை என்று சொன்னால் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

தொடங்குவது என்று முடிவு செய்தால் பெட்டியை ஃப்ரிட்ஜ் மேலிருந்து இறக்கிவிடுங்கள், அங்கே சூடு. சோடியம் முடிவு வந்த பிறகு வருகிற புதன்கிழமை ஆரம்பிக்கலாம்.